மணியில் தொடங்கட்டும் கணினி

"கணினியின் பாகங்கள் யாவை?" சின்ன வகுப்புகளில் கணினிப் பாடம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. குழந்தை மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எனப் படம் வரைந்து பாகம் குறிக்கிறது. 'பிட்' என்றால் என்ன என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் பத்துக்குப் பத்தும் வாங்கிவிடுகிறது. ஆனால் வெறும் 0, 1 இரண்டை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று கேட்டால்...? பதில் வராது. குழந்தை மேல் தப்பில்லை. அதன் கையில் யாரும் எதையும் கொடுக்கவில்லை!

கையில் கொடுத்துச் சொல்லித் தருவதற்கு நூறு வருடத்துக்கும் மேலான ஒரு வழி இருக்கிறது. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய வழி அது. நமக்கும் அந்நியமல்ல. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போரினால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் சில காலம் இருந்து, 1946-ல்தான் ஐரோப்பா போனார்.

அவருடைய தங்க மணிகளைப் பாருங்கள். ஒரு மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். பத்து சேர்ந்தால் அடுத்ததாக மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விதி.

இதே விளையாட்டில் பத்துக்குப் பதில் இரண்டு என்று வைத்தால்? ஒன்று, இரண்டு மணிக் கம்பி, நான்கு மணிச் சதுரம், எட்டு மணிக் கனசதுரம். பதின்மூன்று மணியை மாற்றிக்கொண்டே போனால் ஒரு எட்டு, ஒரு நான்கு, இரண்டு இல்லை, ஒரு ஒன்று. அதாவது 1101. இரும எண் முடிந்தது! சந்தேகமிருந்தால் மணிகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். டீச்சரின் சிவப்பு மை தேவையில்லை.

மாண்டிசோரி முறையின் உயிரே இதுதான்: தப்பைப் பொருளே காட்டிக்கொடுக்கும், குழந்தையே திருத்திக்கொள்ளும். நிரல் எழுதுபவர்களின் வேலையும் இதுதானே? எழுது, ஓட்டு, எங்கே உதைக்கிறது என்று பார், திருத்து. தப்புக்குப் பயந்த பிள்ளைக்கு இது வராது.

எட்டுத் தீப்பெட்டிகளில் வெவ்வேறு அளவு மணல் போட்டு, ஒரு தராசோடு கொடுத்துப் பாருங்கள். எடை வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பதில் லேசானதைத் தேடி எடுத்தால் 28 முறை நிறுக்க வேண்டும். பாதி பாதியாகப் பிரித்து அடுக்கிச் சேர்த்தால் அதிகபட்சம் 17. அல்காரிதம் என்ற பெயர் பிறகு வரட்டும். கை வலித்த பிள்ளைக்கு எது நல்ல வழி என்று தெரிந்துவிடும்.

இது வெறும் கற்பனையல்ல. நியூசிலாந்தின் டிம் பெல்லும் நண்பர்களும் 1990-களிலேயே 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு' என்று கணினியே இல்லாத கணினிப் பாடங்களை உருவாக்கினார்கள். அதற்கும் முன்பே செய்மூர் பேப்பர்ட் தன் லோகோ மொழியால் ஒரு ஆமை ரோபோவைத் தரையில் ஓடவிட்டார்.

"அப்போ கம்ப்யூட்டரை எப்போதான் தொடுவான்?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மணியோடு நின்றுவிட்டால் அது கணக்கு வகுப்பு மட்டுமே. லட்சம் பெட்டிகளைக் கையால் அடுக்க முடியாது என்று பிள்ளைக்கே தோன்றும் நாளில் கணினி முன் உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கு அது பொம்மையாக இருக்காது, தேவையாக இருக்கும்.

ஒரு கணினியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அங்கே தன் முறைக்காகக் காத்திருக்கும் ஒன்பது பேர் கையிலும் மணியும் தீப்பெட்டியும் இருக்கலாமே. அதற்குக் கரண்ட் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. பாகம் குறிப்பதைக் கொஞ்சம் தள்ளிவைக்கும் மனசுதான் வேண்டும்!