அப்பாவோடு ஒரு தூண்டில் டூர்!



எல்லோரும் ஒரு நிமிஷம் செல்போனைக் கையில் எடுங்க. போன வாரம் அப்பாகிட்ட எவ்வளவு நேரம் பேசினீங்கன்னு கால் ஹிஸ்டரியைப் பாருங்க. 'சாப்டியா?' 'சாப்டேன்ப்பா.' 'காசு இருக்கா?' 'இருக்குப்பா.' 'சரி, அம்மாகிட்ட தர்றேன்...' அவ்வளவுதானே? நானும் உங்க கட்சிதான். காலேஜ் படிச்ச நாலு வருஷமும் அப்பாவும் நானும் பேசினதை மொத்தமா எழுதினாலும் ஒரு அசைன்மென்ட் பக்கம் தேறாது!

எங்கப்பா நாமக்கல் லாரி டிரைவர். நாக்பூர் எங்கே, இந்தூர் எங்கே, குவாஹாத்தி போக எத்தனை நாள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் காவிரிக்கு எங்களை அவர் ஒழுங்காகக் கூட்டிட்டுப் போனதே இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஊரே ஆத்தில் குதித்துக் கும்மாளம் போடும். நாங்க மட்டும் மேல் படியில் நின்று சொம்பில் மோந்து ஊத்திக்கணும். ஒரு படி கீழே இறங்கினால், 'டேய்... காலை ஒடச்சுப்புடுவேன்!' ஜாலி தெரியாத அப்பா என்று பல வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

இந்த வார மேட்டர் அதுதான். அந்த அப்பாவை நான் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போன கதை. நீங்களும் உங்க அப்பாவை எப்படிக் கூட்டிட்டுப் போகலாம்ங்கிற பிளானும் கூடவே வருது.

ஐடியா வந்தது யூடியூப் பார்த்துத்தான். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம், கனடா எல்லையை ஒட்டி 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்று ஒரு காடு. ஆயிரத்துக்கும் மேலே ஏரிகள். அங்கே அப்பாவும் பிள்ளையும் கனூ என்கிற ஒல்லியான படகைத் துடுப்பு போட்டு ஓட்டி, ராத்திரி கூடாரத்தில் தங்கி, 'ஸ்மால்மவுத் பாஸ்' என்கிற மீனைத் தூண்டிலில் பிடிக்கிறாங்க. முன்கூட்டியே பர்மிட் வாங்கணும். ஒரு குரூப்பில் 9 பேருக்கு மேல் போகக் கூடாது. அதனால் பல மாசத்துக்கு முன்னாடியே மேப்பை விரித்து வைத்து அப்பாவும் பிள்ளையும் பிளான் போடுறாங்க. எனக்கு மீனை விட அந்தக் காட்சிதான் பிடிச்சிருந்தது. எங்க வீட்டில் அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்த ஒரே பேப்பர் என் மார்க் ஷீட்!

நம்மகிட்ட கனூ இல்லை, பரிசல் இருக்கு. பாஸ் இல்லை, ஜிலேபியும் கெளுத்தியும் இருக்கு. அப்புறம் என்ன? ஸ்டார்ட் மியூஸிக்!

எங்கே போறது?

சேலம், நாமக்கல் மக்களுக்கு நான் சொல்றது பூலாம்பட்டி. எடப்பாடி போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். மேட்டூருக்குக் கீழே காவிரியில் வரிசையா கதவணைகள் கட்டி மின்சாரம் எடுக்கிறாங்க இல்லையா... அதில் ஒன்று தேக்கி வைத்திருக்கும் தண்ணி ஏரி மாதிரி நிற்கிற இடம் இது. இந்தக் கரை சேலம் மாவட்டம். எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். நடுவில் படகுப் போக்குவரத்து உண்டு. ரெண்டு பக்கமும் பச்சை, பின்னாடி மலை. சினிமாக்காரங்க சும்மாவா இங்கே ஷூட்டிங் வந்தாங்க? நாமக்கல் பக்கம் இருப்பவங்களுக்கு ஜேடர்பாளையம் படுகை அணை இன்னும் கிட்டே. பரிசலுக்காகவே போகணும்னா இருக்கவே இருக்கு ஒகேனக்கல்.

எப்போ போறது?

இதுதான் பிளானிலேயே முக்கியமான பாயின்ட். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடித்தது. முழு உயரம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கர்நாடகாவில் மழை வெளுத்து வாங்கி இது நிரம்பிவிட்டால், வர்ற தண்ணியை அப்படியே கீழே விட்டுத்தான் ஆகணும். 2018 ஆகஸ்ட்டிலும் 2022 ஆகஸ்ட்டிலும் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி போச்சு. குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் கரையோர வீடுகளுக்குள்ளேயே ஆறு நுழைந்தது. நம்ம ஊரில் சொட்டு மழை இருக்காது, வெயில் கொளுத்தும், ஆனால் ஆத்தில் வெள்ளம் வரும். காவிரியின் குணமே அதுதான் பாஸ்!

அதனால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வேண்டவே வேண்டாம். பல மீன்கள் முட்டை விடும் சீசனும் மழைக்காலம்தான். பொங்கல் லீவை ஒட்டி தை, மாசி சூப்பர். வெயிலும் தாங்கும். கிளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடியிருந்து பேப்பரில் 'மேட்டூர் அணை நீர்வரத்து' செய்தியைப் பாருங்க. 'கரையோர மக்களுக்கு எச்சரிக்கை'ன்னு ஒரு வரி இருந்தால் டூர் கேன்சல். நோ ஃபீலிங்ஸ்.

யாரைக் கேக்கறது?

'ஆறு யார் வீட்டுச் சொத்து?'ன்னு கிளம்பிடாதீங்க. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பு மீன்வளத்துறை கையில் இருக்கு. உரிமம் வாங்கின மீனவர்களுக்கு அதுதான் சோறு. ஊர் ஏரிகள் பலதும் மீன் குத்தகைக்கு விட்டிருப்பாங்க. எங்கே போனாலும் முதல் வேலை, அங்கே இருக்கும் மீனவர்கிட்ட, 'அண்ணா, இங்க தூண்டில் போடலாமுங்களா?'ன்னு கேளுங்க. போடலாமா கூடாதா என்பதோடு, எங்கே ஆழம், எங்கே பாறை, எங்கே மணல் அள்ளின குழி என்பதும் அவர் வாயிலிருந்தே வந்துவிடும். கூகுள் மேப்பில் அந்தக் குழியெல்லாம் தெரியாது.

என்ன எடுத்துட்டுப் போறது?

தூண்டில் செலவு உங்க வாரக் கடைசி பிரியாணி செலவை விடக் கம்மி. மூங்கில் குச்சி, நரம்பு, சின்ன முள் ஒரு டஜன், ஈயம், தக்கை. இரைக்கு மண்புழு. கெண்டைக்கு மாவு உருண்டை. முடிச்சு போடும்போது நரம்பை எச்சிலில் நனைச்சுட்டு இறுக்குங்க. காய்ந்தபடி இழுத்தால் சூடாகி அந்த இடத்திலேயே அறுந்துபோகும். கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீங்க. அதோட முள் குத்தினால் அன்னைக்குப் பூரா கடுகடுன்னு கடுக்கும். துண்டு போட்டுப் பிடிங்க.

தொப்பி, தண்ணி பாட்டில், கட்டுச்சோறு, அப்பாவோட பி.பி. மாத்திரை. அப்புறம் லைஃப் ஜாக்கெட். ஆளுக்கு ஒண்ணு. 'எனக்கு நீச்சல் தெரியும்'னு சொல்றவருக்கும் சேர்த்துத்தான். கூடவே மூடி போட்ட 5 லிட்டர் காலி கேனில் ஒரு நீளக் கயிறு கட்டி வெச்சுக்கோங்க. யாராவது தண்ணியில் தடுமாறினால் கூடவே குதிக்காதீங்க. காப்பாத்தப் போனவரும் சேர்ந்து போறதுதான் நம்ம ஊரில் அடிக்கடி நடக்குது. கேனை எறிந்து கயிற்றை இழுங்க. இன்னொருத்தர் 108-க்கு அடிக்கட்டும்.

பரிசலில் உட்காரும் முறை

பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. மூங்கிலில் பின்னின ஒரு பெரிய கூடை. அந்தக் காலத்தில் மாட்டுத் தோல் போர்த்துவாங்க. பிறகு பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தது. இப்போ ஃபைபரிலும் வருது. அடி தட்டையா இருப்பதால் ஆழம் கம்மியான இடத்திலும் போகும். ஆனால் ஒரே பக்கமாக எல்லோரும் சாய்ந்தால் கதை முடிஞ்சது. எதிரெதிரே உட்காரணும். நடுவில் எழுந்து நிற்கக் கூடாது. ஸ்பெஷலா ஒரு விஷயம்... செல்ஃபிக்கு நிற்கவே கூடாது!

சரி, இதெல்லாம் பக்காவா பிளான் பண்ணியாச்சு. ஒண்ணே ஒண்ணைத் தவிர. அப்பாகிட்ட கேக்கணுமே!

மேப்பைப் பிரிண்ட் எடுத்துட்டு அவர் முன்னாடி வெச்சேன். ரெண்டு நிமிஷம் பேசவே இல்லை. காலை ஒடைக்கப் போறார்னு நினைச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, 'இந்தக் கதவணைக்குக் கீழ போகக் கூடாது. எப்ப தொறப்பாங்கன்னு தெரியாது'ன்னு பென்சிலில் ஒரு கோடு போட்டார். அப்புறம் பரண் மேலே ஏறி ஒரு தகர டப்பாவை இறக்கினார். உள்ளே துருப்பிடிச்ச முள்ளுங்க. மயில் இறகுத் தண்டில் செஞ்ச நாலு தக்கை. 'யாருதுப்பா இது?' 'என்துதான்.' எங்கப்பா தூண்டில் போடுவார்ங்கிற விஷயமே எனக்கு இருபத்தோரு வயசில்தான் தெரிஞ்சது!

பூலாம்பட்டியில் ஒரு மீனவர் அண்ணன் தன் பரிசலிலேயே ஏத்திக்கிட்டார். லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால் அப்பா சண்டைக்கு வருவார்னு பார்த்தால், முதல் ஆளா அவர்தான் போட்டார். என்னோட பட்டையை ஒரு தடவை இறுக்கினார். பரிசலில் ஏறினதும் இன்னொரு தடவை இறுக்கினார்.

தக்கையையே பார்த்துட்டு உட்காரும்போது ஒரு வசதி இருக்கு ஃப்ரெண்ட்ஸ். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கழிச்சு, தண்ணியைப் பார்த்துக்கிட்டே அப்பா பேசினார்.

'எனக்குப் பத்தொம்போது வயசு. நாலு பேரு குளிக்கப் போனோம். மூணு பேருதான் வந்தோம். அவன் வரலைன்னுதான் சொன்னான். நான்தான் வாடா வாடான்னு இழுத்துட்டுப் போனேன்.'

நான் ஒண்ணும் சொல்லலை. என்ன சொல்றது? ஆடிப் பதினெட்டுக்கு மேல் படியில் அவர் என் கையை எவ்வளவு இறுக்கமா பிடிச்சிருப்பார்ங்கிறது மட்டும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்தில், 'டேய்... தக்கை முங்குது பாரு, இழு சாமி!'ன்னு கத்தினார். ஜிலேபி! அன்னைக்கு மொத்தம் நாலு ஜிலேபி, ஒரு கெளுத்தி. கெளுத்தி அவருது.

கரை ஓரமாத் திரும்பி வரும்போது, தண்ணி மேலே செக்கச்செவேல்னு குட்டிக் குட்டி மீனுங்க கும்பலா போச்சு. 'விரால் குஞ்சு. அப்பனும் ஆத்தாளும் அடியிலயே வரும். அதுல தூண்டில் போட்டா உடனே கடிக்கும். போடக் கூடாது. பெருசு போச்சுன்னா இது அத்தனையும் போச்சு'ன்னார் பரிசல்கார அண்ணன். அப்பா தூண்டிலைச் சுருட்டி வெச்சுட்டார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். ஜிலேபியில் அம்மா மீன், முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வெச்சுக் காப்பாத்துமாம். அந்த அமெரிக்க ஸ்மால்மவுத் பாஸ் இருக்கே, அதில் காவல் டியூட்டி முழுக்க அப்பா மீனுக்குத்தான். கூடு தோண்டி, முட்டை பொரிஞ்சு குஞ்சுங்க நீந்திப் போற வரைக்கும் கிட்டே எது வந்தாலும் விரட்டிக்கிட்டே இருக்குமாம். குஞ்சுங்க அதைப் பார்த்து, 'எங்கப்பாவுக்கு ஜாலியே தெரியாது'ன்னு நினைச்சிருக்குமோ என்னவோ!

ஸோ, அடுத்த லீவுக்கு பிளான் ரெடி. பையன்கள் மட்டுமில்லை கேர்ள்ஸ், உங்களுக்கும் சேர்த்துத்தான். மண்புழுவைப் பார்த்து அலற வேண்டாம், மாவு உருண்டை இருக்கு. அப்பா பக்கத்தில் இல்லாதவங்க அம்மாவையோ, தாத்தாவையோ, மாமாவையோ கூட்டிட்டுப் போங்க. மீன் மாட்டலைன்னா கவலையே படாதீங்க. வர்ற வழியில் பொரிச்ச மீன் கடை இருக்கும். எத்தனை மீன் பிடிச்சோம்னு அம்மாகிட்ட என்ன கணக்கு சொல்றதுங்கிறது அப்பாவுக்கும் உங்களுக்குமான ரகசியம்.

எங்க வீட்டு போன் கால் இப்பவும் 'சாப்டியா'வில்தான் ஆரம்பிக்குது. ஆனால் அம்மாகிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடி இப்போ ஒரு கேள்வி எக்ஸ்ட்ரா வருது.

'டேம்ல எவ்வளவு தண்ணின்னு பாத்தியா?'

அடுத்த வாரம் வேற மேட்டரோட சந்திப்போம். டாட்டா!