பத்திராதிபரும் ஓர் ஊழியரே

மகன் குருவானவராகப் போகின்றான் என்றால் கிறிஸ்தவப் பெற்றோர் பெருமை கொள்கின்றனர். வைத்தியனாகவோ எந்திரியாகவோ போகின்றான் என்றால் ஊரே மகிழ்கின்றது. "திருச்சபைப் பத்திரிகையில் சேரப் போகின்றேன்" என்று ஓர் இளைஞன் கூறினாலோ, "அதைக்கொண்டு எப்படிச் சீவிப்பாய்?" என்ற கேள்வியே முதலில் எழுகின்றது. கேள்வி நியாயமானதே. ஆனால், அதற்கு விடை கூறவேண்டியவன் அவ்விளைஞன் அல்லன். அவனது பேனாவை வேண்டி நிற்கும் திருச்சபையும், அப்பத்திரிகையை வாசிக்கும் சமூகமுமே விடை கூறவேண்டும்.

திருச்சபைப் பத்திரிகையைப் பற்றி ஓர் அரசியல் வார இதழுக்கு என்ன அக்கறை என்று சிலர் வினவலாம். இத்தீவில் தமிழ்ப் பத்திரிகையின் வரலாறே ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையோடு தொடங்குகின்றது என்பதே நமது மறுமொழி. 1820ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனுக்கென வந்த அச்சாளர் ஜேம்ஸ் காரெட் என்பவர் இங்கு தங்குவதற்கு அன்றைய ஆட்சியாளர் அனுமதி மறுத்தனர். அச்சு எழுத்தின் வலிமையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர் போலும்! அத்தடை நீங்கிய பின்னர், 1841ஆம் ஆண்டு ஜனவரியில் 'உதயதாரகை' வெளிவந்தது. அதன் முதற் பத்திராதிபர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் பெயரால் அந்நியர் போலத் தோன்றினும், வட்டுக்கோட்டை செமினரி உருவாக்கிய தமிழர்களே. சமயம் மட்டுமன்றிக் கல்வி, விஞ்ஞானம், இலக்கியம், கமத்தொழில், அரசாங்கம் ஆகிய அனைத்தையும் பேசுவதே தமது நோக்கம் என அவர்கள் அறிவித்தனர். கமக்காரனின் வயலும் கச்சேரியின் கட்டளையும் தேவ ஊழியத்துக்குப் புறம்பானவை என்று அவர்கள் கருதவில்லை.

அந்த விதை ஒரு சமயத்தாரின் தோட்டத்தில் மட்டும் முளைக்கவில்லை. பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். 1876இல் கத்தோலிக்கர் 'சத்தியவேத பாதுகாவலன்' கண்டனர். 1889இல் சைவர் 'இந்து சாதனம்' கண்டனர். ஒருவரையொருவர் மறுத்து எழுதிய இப்பத்திரிகைகளே தமிழ் வசனநடைக்கு வலிவூட்டின. 'உதயதாரகை'யின் பத்திராதிபராக விளங்கிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலில் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்தளித்தார். தனிநாயகம் அடிகள் 1952இல் ஆங்கிலத்தில் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' சஞ்சிகை தமிழின் பெருமையை உலக அறிஞர் முன் வைத்தது. கிறிஸ்தவராய் இருந்தமையால் இவர்கள் தமிழுக்கு அந்நியராகவில்லை. சமூகம் முழுவதற்கும் எழுதியமையால் அவர்களது கிறிஸ்தவமும் குன்றவில்லை.

இன்றைய நிலை என்ன? எந்த ஒரு பத்திரிகையையும் சுட்டி நாம் கூறவில்லை. ஆயினும், திருச்சபை இதழ்கள் பலவற்றைப் புரட்டினால் கண்ணிற்படுவன ஆண்டகையின் விஜயமும், ஆலயத் திருவிழாவும், வெள்ளிவிழா வாழ்த்துமே. காணி இழந்தவனின் முறையீட்டுக்கும், கடலில் வலை அறுபட்டவனின் கண்ணீருக்கும் மூலையில் நான்கு வரி கிடைத்தால் அதுவே பெரிது. ஓய்வுநேரத்தில், ஊதியமின்றி, மேலிடத்தின் முகக்குறிப்பைப் பார்த்து எழுதும் ஒருவரிடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

உண்மையை எழுதுவது எத்தகைய ஊழியம் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் சாட்சியமளித்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் 4,29,059 மக்கள் இருந்ததாகக் கச்சேரிக் கணக்குகள் கூறின. 2009 ஜூலை வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர் என ஐக்கிய நாடுகள் சபையின் தகவல் கூறியது. எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் வினவினார். அங்கே வசைமொழி இல்லை, அலங்காரம் இல்லை, கச்சேரியின் கணக்கிலிருந்தும் ஐக்கிய நாடுகள் சபையின் தகவலிலிருந்தும் எடுத்த இரண்டு எண்களும் ஒரு கழித்தலுமே இருந்தன. ஆண்டகை பத்திரிகையாளர் அல்லர். ஆயினும், ஒவ்வொரு கிறிஸ்தவப் பத்திரிகையாளனும் பயிலவேண்டிய முதற் பாடம் அதுவே.

இத்தொழிலை நாடும் இளைஞருக்கு நாம் கூறுவது இது: பக்தி மட்டும் போதாது. பிழையறத் தமிழ் எழுதப் பழகுங்கள். ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் வாசித்தறியும் அளவுக்கேனும் கற்றுக்கொள்ளுங்கள். முதற் சில ஆண்டுகளைப் பொதுப் பத்திரிகையொன்றின் செய்தி மேசையில் கழியுங்கள். நீதிமன்றத்தையும் பிரதேச சபையையும் சந்தையையும் அங்கேதான் அறிவீர்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தைக் கையாளத் தெரிந்துகொள்ளுங்கள். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டபோதிலும், மானநட்ட வழக்கும் நீதிமன்ற அவமதிப்பும் இன்னும் உள்ளன என்பதை மறவாதீர்கள். கைப்பேசியில் வதந்தி நொடியில் பரவும் இந்நாளில், பிந்தி வந்தாலும் பிழையின்றி வரும் செய்திக்கே மதிப்பு உண்டு.

திருச்சபைத் தலைவர்களுக்கு நாம் கூறுவது வேறு. கோபுரம் எழுப்பப் பணம் சேர்க்க முடியுமாயின், ஒரு பத்திராதிபருக்குக் குடும்பம் நடத்தப் போதிய சம்பளமும் சேமலாப நிதியும் வழங்க முடியாதா? அவ்வளவில் கடமை தீர்ந்துவிடாது. சமயக் கோட்பாட்டில் திருச்சபையின் சொல்லே முடிவு என்பதை எவரும் மறுக்கார். ஆனால், செய்தியில் உண்மையே முடிவாகவேண்டும். திருச்சபையின் பாடசாலையிலோ நிர்வாகத்திலோ குறை நேரின் அதனையும் எழுதலாம் என்ற உறுதியை எழுத்தில் வழங்குங்கள். தன் வீட்டுக் குறையை மறைக்கும் பத்திரிகை அரசாங்கத்தின் குறையைச் சுட்டும்போது யார் நம்புவார்? சாதி வேற்றுமை ஆலயத்துள்ளும் நுழைந்திருக்கின்றது என்பதை எழுத அஞ்சும் பேனா, ஆட்சியாளரின் அநீதியை எழுதத் தகுதி பெறுமா?

இறுதியாக, நமது வாசகர்களான உத்தியோகத்தரும் கமக்காரரும் தமது பங்கை உணரவேண்டும். இலவசமாக வரும் ஏடு, செலவு செய்பவனின் குரலையே ஒலிக்கும். சந்தா செலுத்துவோர் பெருகினாலன்றிப் பத்திராதிபரின் முதுகெலும்பு நிமிராது. சைவரும் கிறிஸ்தவ ஏட்டை வாங்கிப் படிக்கலாம். கிறிஸ்தவரும் சைவ ஏட்டை வாங்கிப் படிக்கலாம். நம் முன்னோர் அவ்வாறு படித்துத்தான் வாதிட்டனர்.

வட்டுக்கோட்டையில் கற்ற இரு தமிழர் அன்று ஏந்திய பேனாவை ஏற்க இன்றும் இளைஞர் உளர். அவர்களிடம் தியாகத்தை மட்டும் கேட்டு நிற்பது நீதியன்று. ஊதியமும் சுதந்திரமும் அளித்து அழைப்பதே திருச்சபைக்கும் தமிழினத்துக்கும் உரிய கடமையாகும்.