பதிவேடு யார் கையில்?

இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது காஞ்சிபுரத்தில்தான். பின்னர் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இங்கு பல எழுந்தன. பங்குத்தொகை எவ்வளவாயினும் ஆளுக்கு ஒரே வாக்கு என்பது கூட்டுறவின் நெறி. சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரரின் பெயர் பதிவேட்டில் விடுபட்டால் அந்த வாக்கும் விடுபடும்.

மன்றங்களும் பங்குச் சபைகளும் இன்று அப்பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றுகின்றன. நன்று. ஆனால் கடவுச்சொல் செயலாளர் ஒருவருக்கே தெரியுமானால், அவர் விலகும் நாளில் சங்கத்தாரின் கதி என்ன?

உறுப்பினர் சேர்க்கை, சந்தா, புதுப்பிக்கும் நாள் ஆகியவற்றை இணையவழிக் கவனிக்கும் சிவிசிஆர்எம் என்னும் மென்பொருள் 2005 முதல் உள்ளது. ஜெர்மனியில் உருவான அட்மிடியோ சிறு சங்கங்களுக்கு ஏற்றது. இரண்டின் மூலநிரலும் எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்தே கிடக்கிறது. உரிமக் கட்டணமும் இல்லை. ஆக்கியவர் கைவிட்டாலும் வேறொருவர் பழுது நீக்கலாம். விலையின்மையைவிட இதுவே பெரிதென நமக்குப் படுகிறது.

செலவே இல்லையென எண்ணிவிட வேண்டா. வழங்கிக்கு வாடகை உண்டு; பராமரிக்க ஆள் வேண்டும். (அவர் சங்கத் தேர்தலில் நிற்காதவராயிருப்பின் நலம்!) கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவராவது அறிந்திருக்கட்டும், வாரந்தோறும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கட்டும்.