மகனுக்கும் அதே வெயில்தான்

கோடை முகாமுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது மைதான வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தங்கையின் கன்னத்தில் சன்ஸ்கிரீன் வெள்ளையாகத் தெரியும். பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் அண்ணன் முகத்தில் ஒன்றுமே இருக்காது. கேட்டால், "ஆம்பளப் பையன், கறுத்தா என்ன?" என்கிறோம். மகளிடம், "பூசிக்கோடி, கறுத்துப் போயிடுவே" என்கிறோம்.

இந்தப் பேச்சை எப்போது விடப்போகிறோம்? தோலைக் காக்க வேண்டியதை நிறத்துக்காக வாங்குகிறோம். அதனால்தான் அது மகனுக்குப் போவதில்லை, மகளுக்கும் முகத்தைத் தாண்டுவதில்லை. காது, பிடரி, புறங்கை எல்லாம் வெயிலுக்கு விட்டது. புற ஊதாக் கதிரில் பி வகை மேல்தோலைச் சுட்டு எரிய வைக்கும். ஏ வகை இன்னும் ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கும் கொலாஜன் நாரைச் சிதைக்கும். நம் தோலின் மெலனின் இதில் ஒரு பங்கைத் தடுக்கிறது. தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். காவல் நிற்கும் அந்தக் கறுப்பையே குறையென்று பிள்ளையிடம் சொல்கிறோமே! ஆனாலும் சித்திரை மாத உச்சிவெயிலுக்கு அந்தக் காவல் மட்டும் போதாது.

வாங்கியதையாவது ஒழுங்காகப் பூசுகிறோமா? டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் 30, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த கணக்கு. பெரியவர்களுக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். பிள்ளைக்குச் சற்றுக் குறையலாம். நாம் வைக்கிற பட்டாணி அளவு எந்த மூலைக்கு? விலையை நினைத்துச் சிக்கனம் பிடித்தால் 30 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூச வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, வியர்த்து வழிந்தாலோ நீச்சல் முடிந்தாலோ உடனே, மறுபடியும். ஏ வகைக் கதிரைத் தடுப்பதற்கு அட்டையில் பிஏ என்ற எழுத்தும் பக்கத்தில் மூன்று, நான்கு கூட்டல் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிங்க் ஆக்சைடு கலந்தது நல்லது, எரிச்சல் குறைவு. திட்டுத்திட்டாக வெள்ளை தெரிகிறது என்று அதை ஒதுக்காதீர்கள். கதிரைத் தடுப்பது அந்த ஜிங்க் ஆக்சைடுதான். தேங்காய் எண்ணெய் இதற்கு ஈடாகாது. ஆறு மாதத்துக்குள்ளான கைக்குழந்தைக்குக் கிரீமே வேண்டாம், நிழலும் பருத்தித் துணியும் போதும்.

கிரீம் பூசிவிட்டோம் என்பதற்காகப் பத்து மணிக்கு மேல் பிள்ளையை மைதானத்தில் நிறுத்தலாம் என்றும் ஆகிவிடாது. பயிற்சியாளரிடம் நாலு பேர் சேர்ந்து போய்ப் பேசுங்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்கச் சொல்லுங்கள். காதையும் பிடரியையும் மறைக்கிற அகல விளிம்புத் தொப்பியை, மகனுக்கும் சேர்த்து, இந்த வாரமே வாங்குங்கள்.