எஸ்.டி. கார்டை நம்பி நூலகம் கட்டாதேங்கோ

இணையம் இல்லாத இடத்தில் ஒரு நூலகம் வைக்க இன்றைக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. அடையாள அட்டை அளவில் ஒரு பலகை காணும். ராஸ்பெரி பை என்ற அந்தச் சின்னக் கொம்பியூட்டரை ஒரு பெட்டிக்குள் போட்டு, சனசமூக நிலைய மேசையில் வைத்து, கரண்ட் குடுத்தால் சரி. வைஃபையை அதுவே கிளப்பும். வாற பிள்ளைகள் போனை அதோடு இணைத்து, ஒரு சதம் டேட்டா செலவில்லாமல் தமிழ் விக்கிப்பீடியா வாசிக்கலாம் (கிவிக்ஸ் என்று இதற்கென்றே ஒரு இலவச மென்பொருள் இருக்கு). கடந்தகால வினாத்தாள் இறக்கலாம். ஊர்க் கோயில் மலர்களையும் பாடசாலை ஆண்டு மலர்களையும் புரட்டலாம். அம்மம்மாமார் பாடிப் பதிவான தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்கலாம்.

இந்த யோசனைக்கு நாங்கள் முழு ஆதரவு. எங்கட கோபமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற நகமளவு துண்டு ஒன்றில்தான்.

ராஸ்பெரி பை 2012 பெப்ரவரியில் வந்தபோது அதன் விலை 35 டொலர். விலையைக் குறைக்க எடுத்த முடிவுகளில் ஒன்று, பலகையில் ஹார்ட் டிஸ்க் எதுவும் வைக்காதது. கமராவுக்கும் போனுக்கும் போடுகிற எஸ்.டி. கார்டிலிருந்தே அது எழும்பும். பிள்ளைகள் புரோகிராமிங் பழகத்தான் அதைச் செய்தவை. பழகுற பிள்ளைக்கு கார்ட் பழுதானால் திரும்ப எழுதலாம், அதுவும் ஒரு பாடம். ஆனால் அதே ஏற்பாட்டை அப்படியே எடுத்து, இரவு பகலாக ஓடுகிற ஒரு நூலகத்துக்கு வைப்பது வேறு கதை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சனசமூக நிலையத்தில் இப்படி ஒரு பெட்டி இருக்கு. திறப்பு விழா நடந்தது, நாடா வெட்டினவை, பெட்டியை விடப் பெரிய பெயர்ப்பலகையும் வைத்தவை. சில மாதத்தில் பெட்டி எழும்பவில்லை. சிவப்பு லைட் எரியும், பச்சை லைட் மினுங்காது. பொறுப்பாக இருந்த ஐயா, "தம்பி, அது செத்துப்போச்சு" என்றார். உண்மையில் புத்தகங்களும் ஒலிப்பதிவுகளும் பக்கத்தில் செருகியிருந்த யூ.எஸ்.பி. டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. செத்தது கார்ட் மட்டும். ஆனால் ஊருக்கு அந்த வித்தியாசம் எப்படி விளங்கும்? பெட்டி எழும்பாவிட்டால் நூலகம் இல்லை, அவ்வளவுதான். பெட்டி அலுமாரிக்குள் போனது.

கார்ட் ஏன் சாகுது? கார்டுக்குள் இருப்பது பிளாஷ் நினைவகம். அதில் ஒரு எழுத்தை மாற்றவேணுமென்றாலும் ஒரு பெரிய பகுதியை எடுத்து, அழித்து, வேறிடத்தில் எழுதவேண்டி வரும். எது எங்கே இருக்குது என்று கார்ட் தனக்குள்ளேயே ஒரு கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கை மாற்றுகிற நொடியில் கரண்ட் போனால் கணக்கு குழம்பும். நாங்கள் ஒன்றும் எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தாலும், பின்னால் இயங்குதளம் தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டே இருக்குது. ஆக, எந்த நேரம் கரண்ட் போனாலும் அது கெட்ட நேரம்தான்.

இந்த நாட்டில் கரண்ட் போவதைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால வெட்டு அறிவித்தார்கள். எங்கட குழு எது, எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்துப் பார்த்துப் படித்த காலம் அது. வெட்டு முடிந்த பிறகும் 2023 டிசம்பர் 9 நாடு முழுக்க இருட்டு. 2025 பெப்ரவரி 9 திரும்பவும் இருட்டு, அப்போது பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு போனதாக அமைச்சரே சொன்னார். குரங்கு ஒன்று தீவையே அணைக்கக்கூடிய இடத்தில் ஒரு ஊரின் குரல்களை நகமளவு கார்டில் வைப்பது, சும்மா சொல்லக்கூடாது, பெரிய துணிச்சல்தான்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: நூலகப் பெட்டிக்கு கார்ட் வேண்டாம். இயங்குதளத்தையும் சேர்த்து யூ.எஸ்.பி. டிஸ்க்கில் வைத்து, அதிலிருந்தே பெட்டியை எழுப்புங்கோ. இது பொறியியல் பீடத்து வேலை என்று கலைப்பீடத்து ஆக்கள் ஒதுங்கத் தேவையில்லை. ஒரு பின்னேர வேலை.

எந்தப் பலகை என்பதில்தான் கொஞ்சம் கவனிக்க வேணும். 2021க்குப் பிறகு உலகம் முழுக்க பை தட்டுப்பாடு வந்தது, இங்கே ரூபாவும் விழுந்தது. அதனால் பலரிடம் இருப்பது பழைய மொடல்கள்தான்.

2016இல் வந்த 3பி என்றால், அது யூ.எஸ்.பி.யிலிருந்து எழும்ப முதலில் ஒருமுறை அனுமதி குடுக்க வேணும். கார்டில் இருக்கிற கொன்பிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து ஒரு தடவை எழுப்பினால், சிப்புக்குள் ஒரு குறி நிரந்தரமாக விழும். பிறகு அதை அழிக்க ஏலாது. பயப்படவேண்டாம், கார்டிலிருந்தும் அது தொடர்ந்து எழும்பும். 2018இல் வந்த 3பி பிளஸ்ஸுக்கு அந்தக் குறி தொழிற்சாலையிலேயே விழுந்திருக்கு. 2019இல் வந்த பை 4 ஒரு விநோதம். புதுசாக இருந்தும் தொடக்கத்தில் அது யூ.எஸ்.பி.யிலிருந்து எழும்பாது. எழுப்புகிற நிரலை பலகையிலேயே ஒரு தனிச் சிப்பில் வைத்தார்கள், 2020இல் அந்த நிரலுக்குப் புதுப்பித்தல் வந்த பிறகுதான் சரியானது. ஆகவே ஆரம்ப காலத்து பை 4 கையில் இருந்தால், ஒரே ஒருமுறை கார்ட் போட்டு எழுப்பி, அந்தச் சிப்பைப் புதுப்பித்துவிட்டு, கார்டைக் கழற்றி யாருக்காவது போனுக்குக் குடுத்துவிடலாம்.

பை 4 எதிலிருந்து எழும்புவது என்ற ஒழுங்கை ஒரு சின்ன எண்ணாக வைத்திருக்கு: எஃப்41. இதை வலமிருந்து இடமாக வாசிக்க வேணும். 1 என்றால் கார்டைத் தேடு, 4 என்றால் யூ.எஸ்.பி.யைத் தேடு, எஃப் என்றால் ஒன்றும் கிடைக்காவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து தேடு. கார்ட் இல்லாவிட்டால் தானாகவே டிஸ்க்குக்குப் போகும் என்றபடியால் இந்த எண்ணை மாற்றவே தேவையில்லை. ஒரு இலக்கியப் பிரதியை நாலு கோட்பாடு வைத்து வாசிக்கிற எங்களுக்கு, மூன்று எழுத்தைப் பின்னாலிருந்து வாசிப்பது பெரிய விசயமா?

டிஸ்க்கில் இயங்குதளத்தை எழுத, கார்டில் எழுதுகிற அதே இலவச மென்பொருள் காணும், கார்டுக்குப் பதிலாக டிஸ்க்கைத் தெரிவு செய்தால் சரி. எழுதும்போது அந்த டிஸ்க்கில் முன்பு இருந்ததெல்லாம் அழியும், ஆகவே ஒலிப்பதிவுகள் இருக்கிற டிஸ்க் என்றால் முதலில் அவற்றை வேறிடத்துக்கு எடுக்க வேணும்.

எந்த டிஸ்க்? இங்கேதான் பலர் பென்டிரைவை செருகிவிட்டு, நாங்களும் யூ.எஸ்.பி.க்கு மாறிவிட்டோம் என்று நினைப்பினம். பென்டிரைவ் என்பது பெரும்பாலும் வேறு சட்டை போட்ட எஸ்.டி. கார்ட்தான். எழுத எழுத அதே மாதிரித் தேயும், கரண்ட் போனால் அதே மாதிரிக் குழம்பும். எங்கட தெரிவு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. அதுவும் பிளாஷ் நினைவகம்தான், ஆனால் எழுத்தை எல்லா இடத்துக்கும் பரப்பித் தேய்மானத்தைப் பகிர்கிற மூளை அதற்குள் இருக்கு, தன் உடல்நிலையையும் ஓரளவு அதுவே சொல்லும். கார்ட் ஒன்றும் சொல்லாது, ஒருநாள் காலை எழும்பாது. பழைய லப்டொப்பில் கழற்றின ஹார்ட் டிஸ்க்கும் பாவிக்கலாம், ஆனால் அது சுழலத் தொடங்க கரண்ட் கூட இழுக்கும். பை 4இன் நாலு யூ.எஸ்.பி. வாயும் சேர்த்தே 1.2 அம்பியர்தான் குடுக்கும். போன் சார்ஜரில் ஓட்டினால் திரையில் ஒரு மின்னல் குறி வரும். அது, கரண்ட் போதவில்லை என்று பெட்டி அழுகிற அழுகை. பை 5 இன்னும் கண்டிப்பு: 5 அம்பியர் குடுக்கக்கூடிய பவர் சப்ளை இல்லாவிட்டால், வேறாகச் சொல்லிவைக்காத வரை யூ.எஸ்.பி.யிலிருந்து எழும்பவே மறுக்கும். அந்த இடத்தில் பலர் டிஸ்க் பழுது என்று முடிவு கட்டிவிடுவினம்.

டிஸ்க்கைப் பையோடு இணைக்கிற வயரிலும் ஒரு சிக்கல் இருக்கு. மலிவாகக் கிடைக்கிற சில இணைப்பிகளில் உள்ள சிப், வேகமான முறையில் பேசத் தெரியாமல் பாதியில் தொங்கிவிடும். அந்த வேகமுறையை அந்த இணைப்பிக்கு மட்டும் நிற்பாட்ட ஒரு வரி எழுதினால் போதும், வேகம் கொஞ்சம் குறையும், நூலகம் ஓடும்.

நண்பர்கள் சிலர் எங்களோடு சண்டைக்கு வருவினம். கார்டை வாசிக்க மட்டும் என்று பூட்டிவைக்கலாமே, எழுதுவதெல்லாம் நினைவகத்தில் நடக்கட்டும் என்பது அவர்கள் வாதம். உண்மை, அப்படிச் செய்யலாம், பை இயங்குதளத்திலேயே அதற்கு வசதி இருக்கு. ஒருதரும் புதுசாக ஒன்றும் சேர்க்காத, வாசிக்க மட்டுமான பெட்டிக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் எங்களுக்கு அப்படியான நூலகம் வேண்டாம். ஒரு பிள்ளை தன் அப்பப்பாவின் கதையைப் போனில் பதிந்துகொண்டு வந்து, அன்றைக்கே பெட்டியில் சேர்க்க ஏலவேணும். பூட்டின நூலகம், வெளியில் இருந்து யாரோ கொண்டுவந்து தந்ததாகவே கடைசிவரை இருக்கும்.

இன்னொரு வாதம் காசு. எஸ்.எஸ்.டி.க்கும் இணைப்பிக்கும் கார்டை விடக் கூடத்தான் முடியும். அதற்கு எங்கட பதில் கொஞ்சம் வில்லங்கமானது: வீட்டில் பழைய லப்டொப் சும்மா கிடந்தால் பையே வாங்காதேங்கோ. அதில் டிஸ்க் உள்ளே இருக்கு, பற்றரி கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் அதுவே யூ.பி.எஸ். ஒரு சின்ன எல்.இ.டி. பல்ப் அளவு கரண்டில் ஓடவேணும், சோலரில் ஓடவேணும் என்றால்தான் பை. மடிக்கணினி வைத்தால் திறப்பு விழாப் படத்துக்கு அவ்வளவு எடுப்பாக இராது என்பது எங்களுக்கும் தெரியும்.

டிஸ்க்கிலிருந்து எழுப்பிவிட்டோம், இனி எல்லாம் பத்திரம் என்றும் நினைக்கவேண்டாம். கரண்ட் வெட்டு டிஸ்க்கையும் குழப்பலாம், டிஸ்க்கும் ஒருநாள் சாகும். நாங்கள் இந்த முறையை விரும்புவதற்குப் பெரிய காரணமே, பிரதி எடுப்பது இலகு என்பதுதான். இயங்குதளமும் நூலகமும் ஒரே டிஸ்க்கில் இருப்பதால், அதே அளவு இன்னொரு டிஸ்க்கில் அப்படியே படி எடுக்கலாம். ஒன்று பெட்டியில், மற்றது வேறு வீட்டில். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகி விட்டால் மட்டும் அச்சடித்த மாதிரி ஒரே அடையாள எண்ணோடு இரண்டு நிற்கும், பெட்டி குழம்பும். படி எடுக்கும்போதே புது அடையாள எண் குடுக்கச் சொன்னால் அதுவும் வராது.

அலுமாரிக்குள் போன அந்தப் பெட்டி இப்போது மேசையில் இருக்கு, கார்ட் செருகுகிற வாய் வெறுமையாக. பெட்டியின் அடியில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறோம். தமிழில், பேனையால் எழுதினது. கரண்ட் வந்து இரண்டு நிமிடத்தில் பச்சை லைட் மினுங்காவிட்டால் வயரை இழுங்கோ, டிஸ்க்கைக் கழற்றுங்கோ, லைபிரரி அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிற மற்ற டிஸ்க்கை அதே வாயில் செருகுங்கோ, திரும்பக் கரண்ட் குடுங்கோ. கீழே ஐயா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நீல நிற வாய்."