கட்டியா, ரத்த உறைவா?

எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இடது மேலறைக்குள் உருண்டையாக ஏதோ ஆடுவது தெரிகிறது. அது மிக்சோமா எனும் கட்டி என்றால் அறுவை சிகிச்சை. ரத்த உறைவு என்றால் பெரும்பாலும் வார்ஃபரின் போன்ற மாத்திரையே போதும். எதுவானாலும் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். எக்கோவை மட்டமாகச் சொல்வதற்கில்லை. உருண்டை இருக்கும் இடமே பல நேரம் விடையைச் சொல்லிவிடும். மேலறைகளின் இடைச்சுவரில் காம்பு வைத்துத் தொங்கினால் மிக்சோமாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாரடைப்புக்குப் பின் அசைவற்றுப்போன கீழறை நுனியில் ஒட்டியிருந்தால் உறைவு. இவர்களுக்கு வேறு படம் எடுக்கச் சொல்வது வீண்செலவு. இடமும் நோயாளியின் வரலாறும் ஒத்துப்போகாதபோதுதான் சிக்கல். அப்போது இதய எம்.ஆர்.ஐ. பார்க்காமல் மருந்தையோ கத்தியையோ தேர்ந்தெடுக்கக் கூடாது என்பேன்.

காரணம் எளிது. எக்கோ உருவத்தையும் அசைவையும் காட்டுகிறது, எம்.ஆர்.ஐ. அதற்குள் ரத்தம் ஓடுகிறதா என்பதையும் காட்டுகிறது. காடோலினியம் மருந்தை நரம்பில் ஏற்றிச் சில நிமிடம் கழித்துப் படமெடுத்தால், ரத்தக்குழாய்கள் உள்ள கட்டி வெளுத்துத் தெரியும். குழாய்களற்ற உறைவு கறுத்தே கிடக்கும். கருவியின் நேர அளவைச் சுமார் 600 மில்லி விநாடிக்கு நீட்டினால் சுற்றியுள்ள தசை சாம்பலாகி, உறைவு மட்டும் மையாக நிற்கும். விதிவிலக்கும் உண்டு: நாள்பட்ட உறைவின் ஓரத்தில் நுண்குழாய்கள் முளைத்து அது லேசாக வெளுக்கலாம்.

'மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், கரைந்தால் உறைவு' என்பார்கள். ஆனால் மிக்சோமாவின் மேல் உறைவு படிவதுண்டு. அது மட்டும் கரைந்து உருண்டை சிறுத்தால், கட்டி உள்ளேயே இருக்க எல்லோரும் நிம்மதியடைவார்கள். செலவு என்பது நியாயமான ஆட்சேபம்தான். எம்.ஆர்.ஐ. எல்லா ஊரிலும் இல்லை. மூச்சை அடக்க முடியாதவர்களுக்கும் துடிப்பு சீரற்றவர்களுக்கும் படம் கலங்கும். அவர்களுக்குச் சற்றுத் தாமதித்து எடுக்கும் சி.டி. ஓரளவு உதவும். மேலும், இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது என்பதால் இந்தச் செலவு எல்லோர் தலையிலும் விழப்போவதில்லை. முதலில் இடம் தர வேண்டியது புற்றுநோயாளிகளுக்கு. பிற உறுப்பிலிருந்து இதயத்துக்குப் பரவும் கட்டிதான் அதிகம். கீமோ மருந்துக்காகப் பொருத்திய குழாயின் நுனியில் உறைவு சேர்வதும் சகஜம். வலது மேலறையில் தெரியும் அந்த உறைவைப் பரவிய கட்டி என்று எண்ணிவிட்டால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் கீமோவையே மாற்றிவிடுவார்கள்.