கட்டம் போட்ட துணி போதும்

பூத்தையல் பழக ஆசைப்படுகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் ஒரு 'கிட்' வாங்குகிறார்கள். உள்ளே ஓட்டை ஓட்டையாக நெய்த அய்டா துணி, அச்சடித்த படம், இருபது முப்பது நிறத்தில் நூல், ஒரு வளையம். படத்தில் பனிமலை அடிவாரத்தில் ஓட்டு வீடு, சுற்றிலும் ரோஜா. கூரை பாதி முடிவதற்குள் கண் வலிக்கிறது. பெட்டி பரணுக்குப் போகிறது. கல்லூரிப் பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள், என்னைப் போல் பென்ஷன் வாங்குகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். இது வேண்டாத வேலை. தையல் பழகக் கட்டம் போட்ட பருத்தித் துணி போதும் என்பது என் கட்சி. அதிலும் பழவேற்காட்டுக் கரையில் குடியிருக்கும் நமக்கு அதைவிடப் பொருத்தமான துணி வேறு கிடையாது.

காரணம் சொல்கிறேன். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலிக்காட்'. அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடுதான். ஆங்கில அகராதியிலும் 'புலிக்காட்' என்று ஒரு சொல் உண்டு. வண்ணக் கைக்குட்டைத் துணி என்று பொருள். டச்சுக்காரர்கள் இங்கே 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்ததற்கு இந்தக் கரையின் துணி வியாபாரமும் பெரிய காரணம். பிரெஞ்சில் கட்டம் போட்ட தலைத்துணிக்கு 'மத்ராஸ்' என்றே பெயர். மார்த்தினீக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் பண்டிகை நாளில் தலையில் கட்டுவது அதைத்தான். துணிக்கு ஊர்ப்பெயர் போனது, ஊரில் துணி போய்விட்டது. இன்று எங்கள் கோட்டைக்குப்பத்தில் வலை பின்னும் கை இருக்கிறது, தறிச் சத்தம் இல்லை.

இந்தத் துணியில் ஊசி வேலை செய்யலாம் என்று நமக்குக் காட்டியவர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். நைஜீரியாவில் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலபாரி என்று ஒரு மக்கள். நம்மைப் போலவே கழியும் படகும் மீனுமாக வாழ்ந்தவர்கள். சென்னைப் பக்கத்திலிருந்து போன கட்டம் போட்ட துணியை அவர்கள் 'இன்ஜிரி' என்பார்கள். அதை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. கலபாரிப் பெண்கள் ஊசி முனையால் ஓர் இழையைத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுப்பார்கள். இப்படி எண்ணி எண்ணி எடுத்தால் பழைய கட்டத்துக்குள்ளிருந்து புதுக் கோலம் ஒன்று வரும். அதற்குப் 'பெலெத்தே பித்தே' என்று பெயர். நாம் இழையைச் சேர்த்துப் பூ வரைகிறோம், அவர்கள் இழையைக் கழித்து வரைகிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் துணியில் இருக்கும் கட்டம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள். எங்கள் தையல் வகுப்புக்குக் 'கூத்யூர்' என்று பெயர். அங்கே முதல் பாடமே எண்ணுவதுதான். இழையை எண்ணு, பிறகு ஊசியைக் குத்து. குறுக்குத் தையல் 'புவான் த் குருவா', சங்கிலித் தையல் 'புவான் த் ஷெனெத்', காம்புத் தையல் 'புவான் த் தீழ்'. நம் ஊரில் 'பிரெஞ்ச் நாட்' என்கிற முடிச்சுத் தையலை மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பெயரால் சொல்வதில்லை. வெறும் முடிச்சு என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு வேடிக்கை. உலகமெங்கும் உயர்ந்த நூல் என்று விலை கொடுத்து வாங்கும் டி.எம்.சி. நூல் பிரான்சின் முலூஸ் நகரத்தது. 1746-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி முதலில் விற்றது நூல் அல்ல. இந்தியப் பருத்தித் துணியைப் பார்த்து அச்சடித்த துணி. இந்தியத் துணி மோகம் தாங்காமல் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதற்குத் தடையே போட்டிருந்தது. முலூஸ் அப்போது பிரான்சில் சேராத தனி நகரம் என்பதால் தடை அங்கே செல்லவில்லை. நம்மைப் பார்த்துத் தொடங்கியவர்களின் கடைப்பெட்டி வந்தால்தான் ஊசியைத் தொடுவேன் என்று நாம் காத்திருக்கிறோம்!

சரி, வேலைக்கு வருவோம். அய்டா துணியில் '14 கவுண்ட்' என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். எழுபது வயதுக் கண்ணுக்கு அது தண்டனை. சட்டைத் துணியில், பள்ளிச் சீருடைத் துணியில் அரைக்கால் அங்குலக் கட்டம் கிடைக்கும், அங்குலத்துக்கு 8. மூக்குக்கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரியும். தையற்கடையில் வெட்டி எறியும் துண்டைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பழைய கைலியும் ஆகும், ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தைத் தள்ளிவிட வேண்டும்.

இதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டமும் சரிசதுரமாக இருக்காது. அளவுகோல் வைத்து நீளமும் அகலமும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பூ ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். துணியை முன்பே ஒரு முறை அலசிக் காயவைத்தால் சுருங்குவது சுருங்கிவிடும். சிவப்பு, மெரூன் சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலுக்கு ஆங்கர் இரண்டு சுருள் போதும். ஒரு சுருள் 8 மீட்டர். ஆறு புரி சேர்ந்தது. மூன்று புரியாகப் பிரித்துக் கோத்தால் இந்தக் கட்டத்தில் ஏறக்குறைய 800 குறுக்குத் தையல் போடலாம். ஒரு முறைக்கு ஒரு முழ நூல் போதும். நீளமாக எடுத்தால் சிக்கும், நூலும் பஞ்சு பஞ்சாகும். முடிச்சுப் போட வேண்டாம். வால் நுனியைப் பின்பக்கம் பிடித்து, முதல் நாலு தையலுக்கு அடியில் அடக்கிவிடுங்கள். மேலே வரும் கோடு எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பாதி பேர் வேலை அழுக்காகத் தெரிவது இந்த ஒன்றை விடுவதால்தான். இரவில் வளையத்தைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் துணியில் தடம் விழும். நம் உப்புக் காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். நான் சிறு டப்பாவில் முகப்பவுடர் போட்டு அதில் வைக்கிறேன்.

என்ன போடுவது? ஏரிக்கு வருகிற பூநாரையைப் போடுங்கள். பேரப்பிள்ளையின் கணக்கு நோட்டில் கட்டத்தை நிரப்பி உடம்பை வரையுங்கள். உடம்பு குறுக்குத் தையல், கழுத்தும் காலும் காம்புத் தையல், கண்ணுக்கு ஒரு முடிச்சு. 20 கட்டம் அகலம் வைத்தால் துணியில் இரண்டரை அங்குலம் வரும்; கைக்குட்டை மூலைக்கு அளவாக இருக்கும். அது கைவந்தபின் நண்டு, இறால், மடவை என்று தலையணை உறைக்குப் போகலாம். கருநீலக் கட்டத்தில் மட்டும் வெள்ளை நூலால் எட்டு முனை நட்சத்திரம் போட்டுக்கொண்டே போனால், தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு லேஸ் மாதிரி தெரியும்.

இது பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒதுங்க வேண்டியதில்லை. வலை ஊசி பிடித்து, கண் அளவு பிசகாமல் கிழிசலை எடுத்துக் கட்டுகிற கைக்குக் குறுக்குத் தையல் எம்மாத்திரம்? கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் எத்தனையோ பேர். பனை ஓலையில் பெட்டி முடைகிற பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. வலை, ஓலை, துணி மூன்றும் கட்டக் கணக்குத்தான்.

விற்றுச் சம்பாதிக்கலாம் என்று நான் யாருக்கும் ஆசை காட்ட மாட்டேன். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி நிமிடத்தில் முடிப்பதை நாம் மூன்று நாள் தைக்கிறோம். மூன்று நாள் கூலியை யாரும் தரமாட்டார்கள். மலிவாகக் கேட்டால் விற்காதீர்கள், வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு அந்த மூன்று நாளில் எண்ணவும் பொறுக்கவும் வந்துவிடும். கை நடுங்க ஆரம்பிப்பதற்குள் ஒரு பிள்ளைக்காவது சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பரணில் அந்தக் கிட் பெட்டி இருந்தால் நூலையும் வளையத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். துணியைத் தையற்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.